பிரிண்டர் தாளை நகர்த்துவது எப்படி: ஓட்டைத் தாளும் தனித் தாளும்

ஓரத்தில் ஓட்டை போட்ட தாள் பழைய காலத்து பிரிண்டருக்கு, ஏ4 தாள் புது பிரிண்டருக்கு. பிரிண்டர் வாங்கப் போகிற இடத்தில் இந்த விளக்கம் அடிக்கடி காதில் விழும். பாதிதான் சரி. மொத்த மருந்து வியாபாரிகளும் லாரி புக்கிங் ஆபீஸ்களும் இன்றைக்கும் புத்தம் புதிதாக வாங்குகிற பிரிண்டரில் ஓட்டைத் தாளைத்தான் ஓட்டுகிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் குட்டி பிரிண்டரில் தாள் முடிவில்லாமல் நீளமாக வருகிறது, ஆனால் அதில் ஓட்டையே கிடையாது. ஆக, பழசா புதுசா என்று பார்த்துப் பயனில்லை.

இந்தக் குழப்பத்தால் பணமும் வீணாகிறது. பில்லின் எழுத்து பக்கத்துக்குப் பக்கம் மேலே ஏறிக்கொண்டே போனால் "ரோலர் போச்சு" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு கம்ப்யூட்டரில் கொடுத்த தாள் நீளத்தில் இருக்கும். லேசர் பிரிண்டர் இரண்டிரண்டு தாளாக இழுத்தாலும் ரோலரையே மாற்றுகிறோம். தேய்ந்தது வேறொரு சின்ன ரப்பர் துண்டாக இருக்கும். உள்ளே நடப்பது என்னவென்று ஒருமுறை புரிந்துகொண்டால் இவற்றில் பாதியை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

## செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு

எந்த பிரிண்டரானாலும் தாள் விஷயத்தில் இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். தாளைப் பிடித்து, சொன்ன அளவு மட்டும் நகர்த்த வேண்டும். அப்புறம், பக்கம் எங்கே தொடங்குகிறது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

தாளில் இரண்டு வகை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி, முன்னும் பின்னுமாக மடித்து அடுக்கி ஒரே நீளமாக வருவது தொடர் தாள். கடைகளில் 'கம்ப்யூட்டர் பேப்பர்' என்று கேட்டால் இதைத் தருவார்கள். ஏற்கெனவே ஒவ்வொன்றாக வெட்டி, 500 தாள் கட்டாக வருவது தனித் தாள்.

தொடர் தாளில் ஒரு தாளை இன்னொன்றிடமிருந்து பிரிக்கிற தொல்லை இல்லை. ஆனால் பக்கம் எங்கே தொடங்குகிறது என்பதை பிரிண்டர் எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தனித் தாளில் இது தலைகீழ். எண்ண வேண்டியதில்லை, தாளின் விளிம்பு வந்து நின்றாலே அதுதான் தொடக்கம். ஆனால் கட்டிலிருந்து ஒரே ஒரு தாளைப் பிரித்தெடுக்க வேண்டும், அது லேசுப்பட்ட வேலை இல்லை. பிரிண்டர்களில் வருகிற தாள் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

## பிடிப்பதில் இரண்டு விதம்

ஒரு சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். செயினில் வரிசையாக இடைவெளி, பல்சக்கரத்தில் வரிசையாகப் பல். பல் இடைவெளிக்குள் உட்கார்ந்து இழுக்கிறது. மழை பெய்தாலும் எண்ணெய் கொட்டினாலும் ஒரு பல் நகர்ந்தால் செயின் ஒரு கண்ணி நகர்ந்தே ஆக வேண்டும். அதே சைக்கிளில் டைனமோவும் உண்டு. அதன் உருளை டயரை உரசிக்கொண்டு சுற்றுகிறது. பல் எதுவும் இல்லை, அழுத்தமும் உராய்வும்தான். காய்ந்த ரோட்டில் ஜோராக எரிகிற விளக்கு, டயர் நனைந்தால் மினுக்குவதற்குக் காரணம் உருளை நழுவுவதுதான்.

ஓட்டைத் தாள் செயின் வகை. மற்ற தாள்கள் எல்லாம் டைனமோ வகை: ரப்பர் ரோலர் அழுத்திப் பிடித்து, உராய்வால் நகர்த்துகிறது.

உராய்வு கொஞ்சம் நழுவினால் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 அங்குல நீளத் தாளில் நூற்றில் ஒரு பங்கு நழுவினால், பக்கத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர். ஒரு பக்கம் அச்சிட்டு முடித்தால் யார் கண்ணிலும் படாது. ஆனால் தொடர் தாளில் அந்த 3 மில்லிமீட்டர் அடுத்த பக்கத்தின் தலையில் ஏறும். பத்தாவது பக்கத்தில் 30 மில்லிமீட்டர் ஆகிவிடும், அதாவது ஓர் அங்குலத்துக்கும் மேல். பக்கவாட்டில் சாய்வதும் இப்படித்தான் சேர்ந்துகொண்டே போகும். தனித் தாளில் ஒவ்வொரு தாளும் புதுக் கணக்கு. முந்தைய தாளின் பிழை அதோடு போய்விடும். ஏ4 தாளுக்கு உராய்வே போதும் என்பதற்கும், நீளமாக ஓடுகிற கம்ப்யூட்டர் பேப்பருக்கு ஓட்டை தேவைப்படுவதற்கும் காரணம் இதுதான்.

## ஓட்டைத் தாளும் டிராக்டரும்

தாளின் இரு ஓரத்திலும் அரை அங்குல அகலத்தில் ஒரு பட்டை. அதில் அரை அங்குலத்துக்கு ஒன்றாக, சுமார் 4 மில்லிமீட்டர் விட்டத்தில் ஓட்டைகள். கிழிப்பதற்கு வசதியாக வரிசையாகக் குத்தப்பட்ட நுண்துளைகளுக்குக் கிழிகோடு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பட்டையைக் கிழித்தெடுக்க நெடுக்காக ஒன்று, பக்கங்களைப் பிரிக்கக் குறுக்காக ஒன்று இருக்கும். நம் ஊரில் 10க்கு 12, 15க்கு 12 என்று கேட்டு வாங்குவார்கள். முதல் எண் அகலம், இரண்டாவது நீளம், இரண்டும் அங்குலத்தில்.

இந்த ஓட்டைகளில் பல்லை நுழைத்து நகர்த்தும் பகுதிக்கு டிராக்டர் என்று பெயர். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றிலும் பல் வைத்த ஒரு சிறிய பெல்ட், மேலே அமுக்கி மூடுகிற ஒரு மூடி. தாளின் அகலத்துக்குத் தக்கபடி நகர்த்திப் பூட்டிக்கொள்ளலாம். பூட்டும்போது தாள் தொய்யவும் கூடாது, விறைப்பாகவும் நிற்கக் கூடாது. விறைத்தால் ஓட்டை நீண்டு கிழியும். தொய்ந்தால் நடுவில் புடைத்து, எழுத்தை அச்சிடுகிற ஹெட்டில் உரசும்.

டிராக்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறும். ஹெட்டுக்கு முன்பாகவே, தாள் நுழைகிற பக்கத்தில் இருந்தால் அது தாளைத் தள்ளுகிறது. அச்சான பக்கத்தை உடனே கிழித்துக்கொள்ளலாம், தாள் வீணாகாது. ஹெட்டைத் தாண்டி மேலே இருந்தால் இழுக்கிறது. தாள் மடங்காமல் சீராக வரும், ஆனால் முதல் பக்கம் டிராக்டர்வரை போய்ச் சேர வேண்டும் என்பதால் கிழிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் வெறுமையாகப் போகும். பில் போடுகிற கடைக்குத் தள்ளும் வகைதான் சரி. கனமான பல நகல் தாளையோ லேபிள் ஒட்டிய தாளையோ நிறுத்தாமல் ஓட்டுவதானால் இழுக்கும் வகை நல்லது. லேபிள் தாளை மட்டும் ஒருபோதும் பின்பக்கமாக ஓட்டாதீர்கள். லேபிள் உரிந்து உள்ளே ஒட்டிக்கொண்டால் பிரிண்டரைக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஊசிகளால் தட்டிப் புள்ளி புள்ளியாக அச்சிடுகிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில்தான் ஓட்டைத் தாள் பெரும்பாலும் ஓடுகிறது. அதன் பக்கவாட்டில் ஒரு லீவர் இருக்கும். பலர் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். தனித் தாள் போடும்போது ரப்பர் ரோலர் தாளை அழுத்த வேண்டும், ஓட்டைத் தாள் போடும்போது அந்த அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். அதற்குத்தான் அந்த லீவர். இடம் மாறியிருந்தால் ரோலரும் டிராக்டரும் ஒரே நேரத்தில் தாளைப் பிடிக்கும். இரண்டின் வேகமும் மயிரிழை வித்தியாசப்பட்டாலே ஓட்டைகள் கிழிய ஆரம்பிக்கும். ஓட்டை கிழிகிறதென்றால் நான் முதலில் பார்ப்பது லீவரை, இரண்டாவது பார்ப்பது தாள்கட்டு வைத்திருக்கிற இடத்தை. கட்டு பிரிண்டருக்கு நேர் பின்னால் அல்லது கீழே இருக்க வேண்டும். மேஜை விளிம்பில் உரசிக்கொண்டு ஏறுவது, அச்சான தாள் பின்னால் விழுந்து புதுத் தாளோடு மறுபடி உள்ளே போவது, இதெல்லாம் ஆபீஸ்களில் அன்றாடக் காட்சி.

ஓட்டைத் தாள் சாகாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் நகல்கள். அசலோடு இரண்டு மூன்று நகல் சேர்ந்த தாளில், டிராக்டரின் பல் எல்லா அடுக்கையும் ஊடுருவிப் பிடிக்கிறது, எல்லாம் ஒன்றாக நகர்கின்றன. உராய்வில் அப்படி இல்லை. ரோலர் தொடுகிற அடுக்கு முன்னால் போக, மற்ற அடுக்குகள் பின்தங்கும். லாரி ஆபீஸ்காரர் ஓட்டைத் தாளை விட மறுப்பது பிடிவாதத்தால் அல்ல.

## பக்கம் எங்கே தொடங்குகிறது?

பலர் தவறாக நினைக்கிற இடம் இது. ஓட்டைத் தாள் பிரிண்டருக்குக் குறுக்குக் கிழிகோடு கண்ணில் தெரியும் என்று நினைக்கிறோம். தெரியாது. உள்ளே இருக்கிற சென்சாருக்குத் தாள் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். சென்சார் என்பது தாள் வந்து தொட்டதும் அல்லது மறைத்ததும் செய்தி அனுப்பும் சிறு உறுப்பு. தாள் தொடராக வந்துகொண்டே இருந்தால் அதன் பதில் எப்போதும் 'இருக்கிறது'தான்.

அதனால் பிரிண்டர் எண்ணுகிறது. தொடங்கும்போது தாள் நிற்கிற இடத்தைப் பக்கத்தின் தலை என்று எடுத்துக்கொள்ளும். ஒரு வரி முடிந்ததும் ஒரு வரியளவு நகர்த்தும். கம்ப்யூட்டர் 'அடுத்த பக்கத்துக்குப் போ' என்று ஒரு குறியீடு அனுப்பும், அதற்கு ஃபார்ம் ஃபீட் என்று பெயர். அது வந்ததும் பக்க நீளத்தில் மிச்சம் எவ்வளவோ அவ்வளவையும் ஓட்டிவிடும். பக்க நீளம் எவ்வளவு என்று அதற்கு யார் சொன்னது? நாம்தான், செட்டிங்கில்.

வழக்கமான அச்சில் அங்குலத்துக்கு 6 வரி. ஓட்டைக்கு ஓட்டை அரை அங்குலம் என்பதால் அதற்குள் 3 வரி. 12 அங்குலத் தாளில் ஓர் ஓரத்தில் 24 ஓட்டை, 72 வரி. 11 அங்குலத் தாளில் 22 ஓட்டை, 66 வரி. உங்கள் தாள் எந்த அளவு என்று சந்தேகம் வந்தால் ஸ்கேல் தேட வேண்டாம், இரண்டு குறுக்குக் கிழிகோடுகளுக்கு நடுவே ஓட்டைகளை எண்ணுங்கள்.

இப்போது மேலே ஏறும் பில்லுக்கு வருவோம். தாள் 12 அங்குலம், செட்டிங்கில் 11 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பக்கம் கிழிகோட்டுக்கு ஓர் அங்குலம் முன்பாகவே தொடங்கிவிடும். மூன்றாவது இரண்டு அங்குலம் முன்னால். இப்படி ஏறிக்கொண்டே போய், 12 பக்கம் அச்சிட்டபின் பதின்மூன்றாவது மறுபடி சரியான இடத்தில் வந்து நிற்கும். "தானாகவே சரியாகிவிட்டது" என்று சிலர் சொல்வது இதைத்தான். ஏ4 என்று செட்டிங் இருந்தால் ஏற்றம் சிறியது: ஏ4 நீளம் 297 மில்லிமீட்டர், 12 அங்குலம் என்பது 304.8 மில்லிமீட்டர். பக்கத்துக்கு 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஏறும். ஏற்றம் ஒரே சீராக இருந்தால் செட்டிங்கைச் சந்தேகப்படுங்கள். ஒரு பக்கம் ஏறி, இன்னொரு பக்கம் இறங்கி, ஒழுங்கே இல்லாமல் அலைந்தால் மட்டும் பல்லையும் மோட்டாரையும் சந்தேகப்படலாம். விண்டோஸில் 'பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' என்ற இடத்தில் 10க்கு 12 அங்குலம் என்று புதிய தாள் அளவை உருவாக்கி, அதை பிரிண்டருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டுக் குமிழைக் கையால் திருகித் தாளை நகர்த்துவது. தாள் நகர்ந்தது அதன் எண்ணிக்கையில் ஏறாது. பிறகு வருகிற எல்லாப் பக்கமும் அந்த அளவு தள்ளியே நிற்கும். குமிழைத் திருகுவதானால் சுவிட்சை அணைத்துவிட்டுத் திருகுங்கள்.

இந்த எண்ணும் வேலை கம்ப்யூட்டர் அச்சின் ஆரம்ப காலத்திலேயே இருந்தது. 1959இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய 1403 பிரிண்டரில், வளையமாக ஒட்டிய ஒரு காகித நாடா தாளோடு சேர்ந்து சுற்றும். அதில் குத்தப்பட்ட ஓட்டைதான் பக்கத்தின் தலை எது என்று இயந்திரத்துக்குச் சொல்லும். நாம் இன்று செட்டிங்கில் எழுதுகிற நீளத்தை அன்று நாடாவை அளந்து வெட்டி ஒட்டினார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொண்டால்: ஓட்டைத் தாளில் நகர்த்துவதில் பிழை சேராது, ஏனென்றால் பல் பிடித்திருக்கிறது. பக்கத்தின் தலை மட்டும் எண்ணிக்கையை நம்பி இருக்கிறது. எண்ணிக்கை தவறுவது பெரும்பாலும் நம் கையால்.

## தனித் தாள்: ஒன்றை மட்டும் எடுப்பது

மேஜை மேல் ஒரு தாள்கட்டை வைத்து, கட்டைவிரலால் மேல் தாளை அழுத்தித் தள்ளிப் பாருங்கள். சில சமயம் ஒன்று வரும், சில சமயம் இரண்டு மூன்று சேர்ந்து நகரும். பிரிண்டர் ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும்தான் எடுக்க வேண்டும்.

சாதாரண லேசர், இங்க்ஜெட் பிரிண்டர்களில் இதற்கு இரண்டு உறுப்புகள். ட்ரேயிலிருந்து தாளை முன்னால் இழுக்கிற ரப்பர் உருளை பிக்அப் ரோலர். பெரும்பாலான மாடல்களில் அதற்கு எதிரே, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒரு சிறு ரப்பர் அல்லது கார்க் துண்டு நிற்கும், அது செபரேஷன் பேட். தாள் இந்த இரண்டுக்கும் நடுவே புகுந்து போக வேண்டும்.

இங்கே மூன்று உராய்வுகள் போட்டி போடுகின்றன: ரோலருக்கும் தாளுக்கும் நடுவே, பேடுக்கும் தாளுக்கும் நடுவே, தாளுக்கும் தாளுக்கும் நடுவே. முதலாவது மிக அதிகமாகவும், இரண்டாவது நடுத்தரமாகவும், மூன்றாவது மிகக் குறைவாகவும் இருக்கும்படி ரப்பர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே ஒரு தாள் நுழைந்தால், ரோலரின் பிடி பேடின் தடையை மீறிவிடும், தாள் போய்விடும். இரண்டு தாள் சேர்ந்து நுழைந்தால், ரோலரைத் தொடும் தாளைத் தடுப்பது கூட இருக்கும் தாள் மட்டும். அந்தத் தடை அற்பம், எனவே அது போய்விடும். பேடைத் தொடும் தாளை முன்னால் இழுப்பதும் அதே அற்பமான உராய்வுதான், பேடோ அதைவிட அதிகமாகப் பிடித்துவைத்திருக்கிறது. அதனால் அது நின்றுவிடும். கண்ணோ கையோ இல்லாமல், எண்ணவும் தெரியாமல், ரப்பர்கள் மட்டுமே ஒரு தாளைப் பிரித்துக் கொடுக்கின்றன. பிரிண்டருக்குள் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

இந்த வரிசை எங்கே குலைந்தது என்று பார்த்தால் கோளாறு தெரிந்துவிடும். தாளே வரவில்லை, வந்தாலும் இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகு வருகிறது என்றால் முதல் உராய்வு குறைந்துவிட்டது. ரோலர் தேய்ந்திருக்கலாம், அதற்கு முன்பே காகிதத் தூசி படிந்து வழுவழுப்பாகியிருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துப் பாருங்கள், பல ரோலர்கள் பிழைத்துக்கொள்ளும். இரண்டிரண்டாக வருகிறது என்றால் பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது தாளும் தாளும் ஒட்டிக்கொள்கின்றன. புது ரோலர் போட்டால் இது தீராது. நன்றாகப் பிடிக்கிற ரோலர் இரண்டையும் இன்னும் ஜோராக இழுக்கத்தான் செய்யும்.

பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்களில் பேடுக்குப் பதிலாக எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கிற இன்னொரு ரோலர் இருக்கும். ஒரு தாள் மட்டும் வந்தால் அதன் இழுப்புக்கு இணங்கி முன்னால் சுற்றிவிடும். இரண்டு வந்தால் உபரித் தாளைத் திருப்பி அனுப்பிவிடும். அச்சகங்களில் ஓடுகிற அதிவேக இயந்திரங்கள் சிலவற்றில் காற்றை ஊதித் தாள்களைப் பிரித்து, உறிஞ்சித் தூக்குவார்கள்.

தாள் ஒட்டிக்கொள்வதற்கு ஈரம் பெரிய காரணம். காகிதம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் பிரித்துவைத்த கட்டு ஒரே வாரத்தில் துவண்டுவிடும். கட்டின் உறை அழகுக்காகச் சுற்றியது இல்லை, ஈரம் புகாமல் இருக்கத்தான். மிச்சத் தாளை அதே உறையில் மடித்து வையுங்கள். கத்தியால் வெட்டிய விளிம்பில் தாள்கள் லேசாகக் கவ்விக்கொண்டும் இருக்கும், ட்ரேயில் வைக்கும்முன் விசிறிவிடுவது அதற்காக. கரூர் பக்கம் காகிதபுரத்தில் டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. மரக்கூழோ சக்கையோ, மேல்பரப்பு ஒரே சீராகவும் தூசி உதிராமலும் இருந்தால் ரோலருக்குக் கவலையில்லை. விலை குறைந்த தாளில் மிச்சம் பிடித்த பணம் பெரும்பாலும் தூசியாக ரோலரில்தான் போய்ச் சேர்கிறது.

## நேராக நிற்பது, நேரத்துக்கு வருவது

பிரித்தெடுத்த தாள் கொஞ்சம் கோணலாக இருக்கலாம். லேசர் பிரிண்டரில் அதை அப்படியே அனுப்பினால் எழுத்தும் கோணலாகும். அதனால் வழியில் ஒரு ஜோடி உருளைகள் அசையாமல் நிற்கின்றன, அவை ரெஜிஸ்ட்ரேஷன் ரோலர்கள். தாளின் முன்விளிம்பு அவற்றில் முட்டும். பின்னாலிருந்து இன்னும் தள்ளுவதால் தாள் லேசாக வளைந்து, விளிம்பு முழுவதும் உருளையில் சமமாகப் படியும். கோணல் நிமிர்ந்துவிடும். அப்புறம்தான் உருளைகள் சுற்றத் தொடங்கும்.

அவை எப்போது சுற்ற வேண்டும் என்பதிலும் கறார் உண்டு. இங்க்ஜெட் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே நிற்க முடியும். லேசர் பிரிண்டர் பக்கத்தின் நடுவில் நிற்காது. டிரம் என்ற உருளையில் பக்கத்தின் உருவம் சுற்றி வருகிற நேரத்தில் தாள் சரியாகக் கீழே இருந்தாக வேண்டும். எனவே வழிநெடுக சென்சார்கள் தாளின் விளிம்பு குறித்த நேரத்துக்குள் வந்ததா என்று பார்க்கின்றன.

வராவிட்டால் 'பேப்பர் ஜாம்' என்று காட்டும். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே சிக்கியிருக்காது. பிரிண்டர் பொய் சொல்லவில்லை. எதிர்பார்த்த விளிம்பு நேரத்துக்கு வரவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ரோலர் நழுவித் தாள் தாமதமாக வந்தாலும் அதே செய்தி. கிழிந்த துண்டு ஒன்று சென்சாரை மறைத்துக்கொண்டிருந்தாலும் அதே செய்தி. சிக்கிய தாளை எடுக்கும்போது கிழிந்துவிட்டால் துண்டுகளைச் சேர்த்துவைத்து முழுத் தாள் ஆகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

சுருக்கமாக: தனித் தாளில் ரப்பர்களின் போட்டி ஒன்றைப் பிரிக்கிறது, நிற்கும் உருளைகள் அதை நிமிர்த்துகின்றன, சென்சார் அதன் விளிம்பைப் பார்த்துப் பக்கத்தின் தலையை அறிகிறது.

## ஓட்டை இல்லாத தொடர் தாள்

பில் ரோல் எந்தப் பக்கம் சேரும்? தொடர்ச்சியாகத்தான் வருகிறது, ஆனால் பிடிப்பு உராய்வு. அச்சிடுகிற ஹெட்டுக்கு எதிரே ஒரே ஒரு ரப்பர் உருளை தாளை அழுத்தி நகர்த்துகிறது. நழுவல் சேர்ந்துகொண்டே போகுமே என்றால், சேரட்டும், பில்லுக்குப் பக்கமே கிடையாதே. சாமான்கள் முடிகிற இடத்தில் வெட்டினால் பில் முடிந்தது. எண்ண வேண்டியதும் இல்லை, பிரிக்க வேண்டியதும் இல்லை. அந்தக் கருவி அவ்வளவு சின்னதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லேபிள் ரோலில் இது நடக்காது. ஒவ்வொரு லேபிளுக்கும் தொடக்கம் உண்டு, நழுவல் சேர்ந்துகொண்டே போனால் பார்கோடு அடுத்த லேபிளில் ஏறிவிடும். அங்கே எண்ணிக்கையை நம்பாமல் நேரடியாகப் பார்க்கிறார்கள். லேபிளுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பின்தாள் மட்டும் இருப்பதால் வெளிச்சம் அதிகம் ஊடுருவும், சென்சார் அதைக் கண்டுகொள்ளும். சில ரோல்களில் பின்புறம் கறுப்புக் கோடு அச்சிட்டிருப்பார்கள், அதுவும் இதற்கே. புதிய அளவு ரோல் மாட்டி அளவெடுக்கச் சொன்னால் பிரிண்டர் சில லேபிள்களை வெறுமையாகத் தள்ளும். அவற்றின் நீளத்தையும் இடைவெளியையும் அளந்துகொள்ளத்தான் அப்படிச் செய்கிறது, நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.